ஆடு தின்னாத செடி

ஆடு அந்தச் செடியைத் தின்னவில்லை. நான்தான் வெட்டினேன். வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டதாக என் மனைவியிடம் சொன்னேன். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் சொல்வதற்குத்தான் தெம்பு வேண்டியிருக்கிறது.

நான் கொல்லிமலைக்கு வேளாண்மை அலுவலராக வந்தவன். கீழே ராசிபுரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். வந்த புதிதில் மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தேன். மாற்றல் கிடைத்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதியில் கொஞ்சம் இடம் வாங்கி, ஒரு சின்ன வீடு, நாலு வரிசை காப்பி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் என்று இங்கேயே தங்கிவிட்டோம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். அவரும் கீழ்நாட்டுக்காரர்தான், சேந்தமங்கலம் பக்கம். கணவர் இல்லை. மகன் ஈரோட்டில் வாத்தியார். மலையில் எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரைச் சிஸ்டர் என்றே அழைப்பேன். என் மனைவிக்கு மட்டும் அவர் கண்ணு. அவருக்கு என் மனைவி அக்கா.

இரண்டு பெண்களும் ஒருமுறை ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தார்கள். திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றி இரண்டு குச்சிகள் கொண்டுவந்தார்கள். ஹைட்ரேஞ்சியா. எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்குப் பந்துப்பூ என்று பெயர். ஒன்றை என் மனைவி எங்கள் வாசலில் வைத்தாள். இன்னொன்றைச் சிஸ்டர் அவருடைய வேலியோரம் வைத்தார். இரண்டும் இடுப்புயரம் வளர்ந்து, குழந்தையின் தலையளவு நீலப் பூக்கள் பூத்தன. மணம் கிடையாது, தலையில் வைக்கவும் ஆகாது, எதற்கு இந்தப் பூ என்று நான் கேட்பேன். "பாக்கறதுக்குங்க" என்பாள் என் மனைவி. சாயங்காலங்களில் வேலிக்கு இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவரும் டீ டம்ளரோடு நிற்பார்கள். யாருடைய பூ பெரிது என்று தினமும் சண்டை. சிஸ்டரின் ஆடு நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

மகளின் பிரசவத்துக்கு என் மனைவி கீழே இறங்கியபோது மார்கழி முடிந்திருந்தது. பஸ் ஏறும்போது சொன்னாள்: "ஏனுங்க, எதை வேணா வெட்டிக்குங்க. என்ற பந்துப்பூவை மட்டும் தொட்டுராதீங்க."

அவளுக்கு என் கையைத் தெரியும். வேலைக்காலம் முழுக்கக் கவாத்து பற்றிப் பேசியவன் நான். கிளையை வெட்டினால்தான் செடி வாழும் என்று ஒவ்வொரு ஊராகப் போய்ச் சொன்னேன். ஒருநாள் காப்பியில் கவாத்து செய்துவிட்டுக் கத்தரியோடு வாசலுக்கு வந்தேன். பந்துப்பூச் செடி பார்க்கச் சகிக்காமல் நின்றது. இலை பாதி கொட்டிப்போய், பழைய பூக்கள் பழுப்பாகக் காய்ந்து தொங்கின. குளிரில் அது அப்படித்தான் நிற்கும். அந்தப் பழைய குச்சிகளின் நுனியில்தான் வருகிற பருவத்துப் பூமொட்டு அடங்கியிருக்கும். எனக்கு இது தெரியாது. தெரியாததைக் கேட்கிற பழக்கமும் அப்போது எனக்கு இல்லை. அடியோடு வெட்டினேன். மலை மண் புளிப்பு மண், சுண்ணாம்பு போட்டால்தான் தெளியும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அல்லவா, தூரைச் சுற்றி நன்றாகச் சுண்ணாம்பைத் தூவினேன். மேலே ஒரு கை அள்ளி யூரியாவும் போட்டேன். புளிப்பு மண்ணில் மட்டுமே செழிக்கிற செடி அது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சிலநாள் கழித்து அவள் போன் செய்து, "நாளைக்கு வாரேன்" என்றாள். அதன் பிறகுதான் மொட்டைக் குச்சிகளைச் சரியாகப் பார்த்தேன். எல்லாம் கத்தரியின் சுத்தமான வெட்டு. யார் பார்த்தாலும் தெரியும். ஒரு கல்லை எடுத்துவந்து உட்கார்ந்து ஒவ்வொரு வெட்டு வாயையும் தேய்த்து நார்நாராக்கினேன். பல் பட்டதுபோல் இருந்தது. கோபத்திலும் அவசரத்திலும் மனிதன் எதையாவது செய்துவிடுவான். நான் செய்தது அப்படியல்ல. குத்தவைத்து உட்கார்ந்து, பொறுமையாகச் செய்தேன்.

அவள் வந்து பையைக்கூட இறக்காமல் செடிக்கு முன்னால் நின்றாள். ஆடு என்றேன். நேராக வேலிக்குப் போனாள்.

"ஏங்கண்ணு, ஆட்டைக் கட்டிப் போடறதில்லையா நீ?"

"கட்டித்தானக்கா போடறேன். ஏன், என்னாச்சு?"

"வந்து பாரு. ஒரு இலை மிச்சமில்லை. அடி வரைக்கும் தின்னுட்டுப் போயிருக்குது."

"என்ற ஆடு இல்லக்கா. அது பந்துப்பூவை மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குமே, நீங்களே பாத்திருக்கீங்களே."

"அப்ப அவரு பொய் சொல்றாரா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். நான் சொன்னேன்: "சாயங்காலம் அவுந்து வந்துச்சுங்க சிஸ்டர். நாந்தான் வெரட்டி உட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் சேர்த்திருக்கவே வேண்டியதில்லை. சிஸ்டர் திரும்பி ஆட்டுக் கொட்டகையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "கட்டுனேனே..." என்றார். குரல் இறங்கிவிட்டது. வாதத்தில் தோற்றுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

என் மனைவி கோபத்தில் பேசக்கூடாததைப் பேசினாள். ஒண்டிக்கட்டைக்கு ஆடு எதற்கு என்றாள். சிஸ்டர் உள்ளே போய்விட்டார். அந்த வாரமே கீழிருந்து ஒரு வியாபாரி வந்து ஆட்டை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். குட்டியிலிருந்து புட்டியில் பால் கொடுத்து வளர்த்த ஆடு. கொண்டை ஊசி வளைவுகளில் வேன் இறங்குகிற வரைக்கும் அதன் சத்தம் கேட்டது. சிஸ்டர் வெளியே வரவில்லை.

செடி லேசாகத் துளிர்த்தது. மாசி வெயிலில் துளிரின் ஓரமெல்லாம் கருகி, சித்திரைக்குள் செத்துப்போனது. வேலியோரப் பேச்சும் நின்றது. என் மனைவி சாயங்காலமானால் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். மலையில் அவளுக்கு இருந்த ஒரே துணை அந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்தது தெரியாமல் அவள் என்னிடமே புலம்புவாள்: "ஒரு வார்த்தை, தெரியாம நடந்துபோச்சுக்கான்னு சொல்லியிருந்தா நான் உட்டிருக்க மாட்டனாங்க?" நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன்.

ஆடி மழை பிடித்ததும் புதுச்செடி ஒன்று வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. குச்சி வேண்டும். பக்கத்தில் அந்தச் செடி இருந்த ஒரே இடம் சிஸ்டரின் வேலியோரம். என் மனைவி தூங்கிய மத்தியானத்தில் அவருடைய கேட்டைத் திறந்தேன்.

"வாங்க சார். என்ன அதிசயம், வழி தெரிஞ்சுதா?"

"பந்துப்பூவுல ஒரு குச்சி வேணுங்க சிஸ்டர்."

"எடுத்துக்கங்க. இப்ப ஆடும் இல்லை. தைரியமா வெய்யுங்க."

அவரே கத்தரியை எடுத்துவந்து, பூக்காத தண்டாகப் பார்த்து ஒன்றை வெட்டினார். கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு ஆடு கயித்தோட வந்துச்சா, கயிறில்லாம வந்துச்சா?"

"ஞாபகம் இல்லீங்களே."

"உங்களுக்கு ஞாபகம் இல்லாட்டிப் பரவால்ல. எனக்கு இல்லாததுதான் சார் பயமா இருக்குது." அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. "கட்டுனது கண்ணுல நிக்குது சார். முடிச்சுப் போட்டது, தண்ணி வெச்சது எல்லாம். ஆனா நீங்க பாத்ததா சொல்றீங்க. அப்ப எனக்குத் தோணுறது நெசமில்லையே. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சிட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க, அது எரிஞ்சிட்டிருக்கும். கடைசியில என்னையே, நீ யாரூட்டுப் புள்ள கண்ணுன்னு கேட்டாங்க."

நாமக்கல்லுக்குப் போய் டாக்டரைப் பார்த்ததாகச் சொன்னார். இந்த வயதில் கொஞ்சம் மறதி சகஜம்தான் என்று அவர் சொன்னதைச் சிஸ்டர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கேஸ் அடுப்பைப் பலதடவை எழுந்து பார்க்கிறார். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். தனியாக இருக்கக்கூடாது, முழுப்பரீட்சை லீவில் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்று மகன் சொல்லிவிட்டானாம். "இந்த மலையில நான் பிரசவம் பாத்த புள்ளைங்களே புள்ளை குட்டி பெத்துருச்சு. இங்கயே இருந்துரலாம்னு நெனச்சேன். ஈரோட்டுல மூணாவது மாடி சார். கீழ எறங்கறதுக்கே ஆள் வேணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. குச்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்தது வருத்தம்தான், பொய்யில்லை. ஆனால் வருத்தத்தோடேயே ஒரு கணக்கும் போட்டேன். குச்சி வேர் பிடிக்கட்டும். வளரட்டும். முதல் பூவை எடுத்துக்கொண்டு போய், அதை நீட்டிக்கொண்டு சொன்னால் கொஞ்சம் லேசாக முடியும். அதற்குள் அவர் போய்விடமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழைய செடி இருந்த குழியிலேயே குச்சியை நட்டேன். மூளை இருக்கிறவன் செய்கிற காரியமல்ல. சுண்ணாம்பு அங்கேயே கிடந்தது. வேர் விட்டு, நாலு இலை வந்து, நரம்பு மட்டும் பச்சையாக இலை முழுக்க வெளுத்துப்போனது. மத்தியான வெயில் அடித்தால் துவண்டு தொங்கும். துவண்டதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவேன். ஊற்ற ஊற்ற இன்னும் துவளும். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் சேறு.

என் மனைவி ஒருநாள் பின்னால் வந்து நின்றாள். "எங்கிருந்துங்க குச்சி?"

"சிஸ்டர் குடுத்தாங்க."

"நான் அத்தனை பேசியும் குடுத்தாளா?" என்றாள். வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று டிவி போடவில்லை.

செடியைப் பெயர்த்தேன். வேரில் பாதி கறுத்திருந்தது. அழுகியதைக் கிள்ளிவிட்டு ஒரு மண்தொட்டிக்கு மாற்றினேன். சில்வர் ஓக் அடியில் மக்கிக் கிடந்த சருகு, பழைய காப்பித்தோல், கொஞ்சம் செம்மண், அவ்வளவுதான். உரம் கிடையாது. போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறியிருந்ததால் ஓட்டிலிருந்து வடியும் மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றினேன். வீட்டின் கிழக்குப் பக்கம் வைத்தேன். காலை வெயில் மட்டும் படும், பிறகு பலாமரம் மறைத்துக்கொள்ளும். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மழையில் நத்தை ஏறித் துளிரைத் தின்றது. காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். குனிந்தால் நிமிர முடியாத முதுகு. ஒரு குச்சிக்காக இத்தனை பாடு என்று அலுப்பாகத்தான் இருந்தது. விட்டுவிடவும் முடியவில்லை. புரட்டாசி கடைசியில் ஒரு இலை முழுப் பச்சையாக வந்தது.

தையில் இலையெல்லாம் கொட்டி, மறுபடி வெறும் குச்சியாக நின்றது. எனக்குக் கை ஊறியது. இத்தனைக்குப் பிறகும் ஊறியது. கவாத்துக் கத்தரியை என் மனைவியிடம் கொடுத்து, எனக்குத் தெரியாமல் எங்காவது வை என்றேன். விசித்திரமாகப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போனாள்.

பங்குனியில் நுனி பிளந்து இலை விரிந்தது. நடுவில் பச்சைக் கடுகு கொத்தாகச் சேர்ந்ததுபோல் ஒரு மொட்டு. நான் காத்திருந்தது வந்துவிட்டது. அதே வாரத்தில் சிஸ்டர் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. கிரைண்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று மளிகைக்கடையில் சொன்னார்கள்.

மொட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்டு பென்சில் கனம்கூட இல்லை. தொட்டியைப் பிடித்து லேசாக ஆட்டினால் செடியே ஆடியது. வேர் இன்னும் தேறவில்லை. இப்படிப்பட்ட செடியை முதல் பருவத்தில் பூக்க விடக்கூடாது. இருக்கிற தெம்பையெல்லாம் பூ வாங்கிக்கொள்ளும், செடி சரிந்துவிடும். மொட்டைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் இந்த வருடம் பூ கிடையாது. என் கையில் நீட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கிள்ளாமல் விட்டால், மறுபடியும் என் சௌகரியத்துக்காக இந்தச் செடியைக் கொல்கிறேன் என்று அர்த்தம். பூ விரிவதற்குள் ஈரோட்டு வண்டியும் வந்துவிடும்.

நகத்தால் கிள்ளினேன். ஈரமாக இருந்தது. உள்ளே போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவிக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். வெட்டியது, கல்லால் தேய்த்தது, ஆட்டை விரட்டியதாகச் சொன்னது, சிஸ்டர் என்னிடம் கேட்டது, எல்லாம்.

அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை. "கல்லை வெச்சுத் தேய்ச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது? அங்க வந்து சொல்லுங்க."

பெட்டிகளுக்கு நடுவில் சிஸ்டர் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கட்டியிருந்தேன்?"

"ஆமாங்க."

"ஆடு கொட்டாயிலயேதான் இருந்துச்சா?"

"அங்கயேதாங்க இருந்துச்சு."

"நீங்க பாத்தீங்க?"

"பாத்தேன். கட்டித்தான் இருந்துச்சு. நான் செடிகிட்ட உக்காந்திருந்தப்ப என்னையே பாத்துட்டு நின்னுச்சு."

மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"என்ற ஆட்டைக் கறிக்கு அனுப்புனேன் சார். நாமக்கல்லுல அந்த டாக்டர் பையன் எங்கிட்ட இன்னைக்கு என்ன கெழமை, முதலமைச்சர் யாருன்னு கேட்டான். இத்தனை வருசம் ஊசி போட்டவகிட்ட. பயந்துட்டே பதில் சொன்னேன், தப்பா சொல்லிருவனோன்னு. ஒரு செடிக்காக. ஒரு செடிக்காகவா சார்?"

"மன்னிச்சுருங்க சிஸ்டர்."

"எந்திரிச்சுப் போங்க" என்றார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதை அவர் கவனிக்கவில்லை. என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். வெகுநேரம் இரண்டு குரல்களும் மாறி மாறிக் கேட்டன. அழுகையும் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை.

சிஸ்டர் போகவில்லை. மகனிடம் என்ன சொன்னாரோ, வண்டி வரவில்லை. பெட்டிகள் உள்ளே போயின. ஆடு வாங்கித் தருகிறேன் என்று என் மனைவி மூலமாகச் சொல்லிவிட்டேன். "என்ற ஆட்டை நான் வாங்கிக்குவேன்னு சொல்லுங்கக்கா" என்று பதில் வந்தது. வாங்கியும் விட்டார், காதில் வெள்ளைப்புள்ளி போட்ட ஒரு குட்டி. வேலியோரம் டீயும் பேச்சும் திரும்பி வந்தன. நான் வாசலுக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். என் மனைவி என்னிடம் சாப்பாடு, மாத்திரை என்று வேண்டிய அளவுக்குப் பேசுகிறாள். கத்தரியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

குட்டி வந்த முதல்நாள் சாயங்காலம் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. தெருவுக்கே கேட்கிற குரல்.

"சார்! ஆட்டைக் கட்டிட்டேன்!"

எட்டிப் பார்த்தேன். "பாத்தேங்க சிஸ்டர்" என்றேன். அவர் உள்ளே போனார். மறுநாளும் அதே கூப்பாடு. அதற்கு மறுநாளும். ரோட்டில் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். மளிகைக்கடையில், "என்னங்க சார், ரிட்டயர் ஆன பின்னால ஆட்டுக்கு வாட்ச்மேன் வேலையா?" என்றார்கள். எனக்கு வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன். தண்டனை என்றுதான் நினைத்தேன். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். கூப்பாடு கேட்டதும் முகத்தைத் திருப்பிச் சிரிப்பாள்.

இந்த வருடம் செடி பூத்தது. தண்டு விரல் கனம் ஆகிவிட்டது, தொட்டியிலிருந்து பலாமரத்துக்குக் கிழக்கே மண்ணுக்கு மாற்றியிருக்கிறேன். முதல் பூ முழு நீலமாக வரவில்லை. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெளிறிய ரோஸ். வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது போலும். என் மனைவி அதை வெட்டி, ஞாயிற்றுக்கிழமை அவர் போகிற சர்ச்சில் வைக்கச் சொல்லிச் சிஸ்டரிடம் கொடுத்தாள். யாருடைய பூ பெரிது என்ற சண்டை மறுபடி ஆரம்பித்தது. அதைக் கேட்டபோது இனி எல்லாம் தீர்ந்தது என்று கொஞ்சம் நினைத்துவிட்டேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். சாயங்காலம் கண் அசந்திருந்தேன். என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். "சார், ஆட்டைக் கட்டிட்டேன்" என்ற குரல் தூக்கத்துக்குள் கேட்டது. எழ முடியவில்லை. மறுபடி கேட்டது. பிறகு வேலிக் கம்பி அசைகிற சத்தம். ஜன்னலருகே அவருடைய குரல், இந்த முறை தெருவுக்குக் கேட்காத குரல்.

"சார்... கட்டிட்டேன்தானுங்களே?"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். கொட்டகையில் குட்டி கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டியிருக்கீங்க சிஸ்டர். நல்லா கட்டியிருக்கீங்க."

"சரிங்க சார். போய்ப் படுங்க" என்று திரும்பிப் போனார்.

செடியை எப்படித் தேற்றுவது என்று கற்றுக்கொண்டேன். அவருக்குள் நான் போட்ட இந்தச் சந்தேகத்துக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் கீழே வந்து இருங்கள் என்கிறாள். போனாலும் மத்தியானப் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். வெயில் இறங்கியதும் வேலி தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவர் கயிற்றை எடுப்பதிலிருந்து முடிச்சுப் போடுவது வரைக்கும் பார்க்கிறேன். கூப்பிட்டதும் பதில் சொல்கிறேன்.